சும்மா இருக்கும் ப்ராசஸின் நினைவகம் எங்கே போகிறது? பேஜிங், ஸ்வாப் பற்றி ஒரு தொடக்க வழிகாட்டி

கணினி மந்தமாகிவிட்டதே என்று நினைவக நிலவரத்தைத் திறந்து பார்க்கும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் திகைத்து நிற்கிறார்கள். ரேமில் இன்னும் 2 ஜிபி மிச்சம் இருப்பதாகத் திரை காட்டுகிறது. அதற்கு அடுத்த வரியிலேயே ஸ்வாப்பில், அதாவது ரேமிலிருந்து வெளியே அனுப்பியதை வைக்க வட்டில் ஒதுக்கிய இடத்தில், 1.3 ஜிபி நிரம்பியிருப்பதாகவும் காட்டுகிறது. இடம் இருக்கும்போது எதற்காக வட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற கேள்வி அங்கேயே எழுகிறது. கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குப் பலரும் தாமாகவே சொல்லிக்கொள்ளும் விடை, அதாவது ஸ்வாப்தான் மந்தத்துக்குக் காரணம், அதை அணைத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்பது, பெரும்பாலும் தவறாகவே முடிகிறது. நானும் ஒரு காலத்தில் அதைச் செய்து பார்த்தவன்தான். அதில் என்ன நடந்தது என்பதை மூன்றாம் படியில் சொல்கிறேன்.

இந்த வழிகாட்டி லினக்ஸை வைத்து நடக்கிறது, ஏனெனில் உள்ளே நடப்பதை எண்களாக வெளியே எடுத்துக் காட்டுவதில் அது தாராளமானது. கட்டளைகளின் பெயர்களை ஒலிக்கும் விதத்தில் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும்.

படி 1: பக்கம் என்ற அலகைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இயங்குதளம் நினைவகத்தைப் பைட் பைட்டாகப் பங்கிடுவதில்லை. ஒரே அளவுள்ள துண்டுகளாக வெட்டிவைத்துத்தான் பங்கிடுகிறது. நிரலின் பார்வையில் அந்தத் துண்டுக்குப் பக்கம் என்று பெயர்; அந்தப் பக்கம் வந்து அமர்கிற உண்மையான ரேம் துண்டுக்குச் சட்டகம் என்று பெயர். இன்டெல், ஏஎம்டி சிப்புகள் உள்ள கணினிகளில் வழக்கமான பக்கத்தின் அளவு 4096 பைட், அதாவது 4 கேபி. ஆப்பிள் தன் சொந்தச் சிப்புகளோடு விற்கும் மேக் கணினிகளில் அது 16 கேபி. உங்கள் கணினியில் எவ்வளவு என்பதை 'கெட்கான்ஃப்' கட்டளையோடு 'பேஜ்சைஸ்' என்பதைப் பெரிய எழுத்துகளில் சேர்த்துக் கேட்டால் சொல்லிவிடும். 4 கேபி கணக்கில் 8 ஜிபி ரேம் என்பது 20,97,152 சட்டகங்கள். இயங்குதளம் நாள் முழுவதும் கட்டி மேய்ப்பது இந்த ஏறத்தாழ 21 லட்சம் துண்டுகளைத்தான்.

ஒரே ஒரு முகவரியை எடுத்துக் கையால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் மீதியெல்லாம் எளிதாகிவிடும். ஒரு நிரல் தன் 8200ஆம் முகவரியில் உள்ள பைட்டைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8200ஐ 4096ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 8. ஆகவே கேட்கப்படுவது 2ஆம் எண் பக்கத்தின் தொடக்கத்திலிருந்து 8 பைட் தள்ளி இருப்பது. சிபியு அந்த நிரலுக்குரிய பக்க அட்டவணையில் 2ஆம் எண்ணுக்கான பதிவைப் பார்க்கிறது. அங்கே 731ஆம் சட்டகம் என்று எழுதியிருந்தால், 731ஐ 4096ஆல் பெருக்கி வரும் 29,94,176 என்ற எண்ணோடு 8ஐக் கூட்டி, ரேமின் 29,94,184ஆம் முகவரியைத் தொடுகிறது. இன்னொரு நிரலும் அதே 8200ஐக் கேட்கலாம். அதன் அட்டவணை வேறு, எனவே அது போய்ச் சேரும் சட்டகமும் வேறு. சிபியு உண்மையில் இங்கே வகுத்துக்கொண்டிருப்பதில்லை. 4096 என்பது இரண்டின் 12ஆம் அடுக்கு என்பதால், முகவரியின் கடைசி 12 பிட்டுகளைத் தனியே பிரித்தாலே மீதி கிடைத்துவிடுகிறது. அடிக்கடி தேவைப்படும் பதிவுகளை டிஎல்பி என்ற சிறிய, மிக வேகமான சேமிப்பில் வைத்துக்கொள்வதால், ஒவ்வொரு முறையும் அட்டவணை வரை போக வேண்டிய அவசியமும் இல்லை.

அட்டவணையின் ஒவ்வொரு பதிவிலும் சட்டக எண்ணோடு சில ஒற்றை பிட் குறிகளும் இருக்கின்றன. அவற்றில் மூன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: பக்கம் இப்போது ரேமில் இருக்கிறதா, அண்மையில் யாராவது அதைத் தொட்டார்களா, அதில் ஏதாவது எழுதி மாற்றினார்களா. இனி வரும் கதை முழுவதும் இந்த மூன்று குறிகளின் மேல்தான் நடக்கிறது.

படி 2: கேட்டதையும் தொட்டதையும் பிரித்துப் பாருங்கள்

'டாப்' கட்டளையை ஓடவிட்டால் ஒவ்வொரு ப்ராசஸுக்கும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும், 'விர்ட்', 'ரெஸ்' என்று இரண்டு பத்திகள் தெரியும். முதலாவது அந்த ப்ராசஸ் தனக்கென்று கேட்டு வாங்கியிருக்கும் முகவரிப் பரப்பு. இரண்டாவது அதில் இப்போது உண்மையாக ரேமில் அமர்ந்திருக்கும் அளவு. ஓர் உலாவியின் 'விர்ட்' எண்ணைப் பார்த்து அது ரேமையெல்லாம் விழுங்கிவிட்டது என்று பயப்படுவது புதியவர்களின் வழக்கமான முதல் பிழை.

சி மொழி தெரிந்தவர்கள் இதை ஐந்து நிமிடத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். 'மால்லாக்' மூலம் 500 எம்பி கேட்டு வாங்கிவிட்டு, எதுவும் எழுதாமல் நிரலைத் தூங்கவிடுங்கள். 'விர்ட்' ஒரே தாவலில் ஏறும், 'ரெஸ்' அசையாது. பிறகு அந்தப் பரப்பில் 4096 பைட்டுக்கு ஒரு முறை ஒரே ஒரு பைட்டை எழுதிக்கொண்டு போங்கள்; இப்போது 'ரெஸ்' எண்ணும் ஏறி 500 எம்பியைத் தொட்டுவிடும். ஒரு பைட்டைத் தொட்டதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, மொத்தம் 1,28,000 பக்கங்கள். கேட்கும்போது வாக்குறுதி மட்டும் தந்துவிட்டு, தொடும்போதுதான் சட்டகத்தைக் கொடுப்பது இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் இயல்பு.

தொடும் அந்தக் கணத்தில் நடப்பதற்குத்தான் பக்கப் பிழை என்று பெயர். பெயர் பொருத்தமற்றது என்பது என் கருத்து. பிழை எதுவும் நடக்கவில்லை. பக்கம் ரேமில் இல்லை என்ற குறியைச் சிபியு பார்த்ததும் வேலையை நிறுத்திக் கெர்னலை அழைக்கிறது, கெர்னல் சட்டகத்தைத் தேடிப் பதிவை நிரப்புகிறது, நின்றுபோன அதே கட்டளை மீண்டும் ஓடுகிறது. வட்டைத் தொடாமலே இது முடிந்தால் சிறு பக்கப் பிழை. வட்டிலிருந்து படிக்க வேண்டியிருந்தால் பெரும் பக்கப் பிழை. மைக்ரோசெகண்ட் கணக்கில் முடிந்துவிடும் முதல் வகை ஒரு நாளில் கோடிக்கணக்கில் நடந்தாலும் யாருக்கும் தெரியாது. மனிதர் கண்ணுக்குத் தெரிவது இரண்டாவது வகைதான்.

படி 3: வெளியே போகும் பக்கம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

ரேம் நெருக்கடி வரும்போது கெர்னல் சில சட்டகங்களைக் காலி செய்தாக வேண்டும். எப்படிக் காலி செய்வது என்பது அந்தப் பக்கம் எங்கிருந்து பிறந்தது என்பதைப் பொறுத்தது. ஒரு நிரலின் இயக்கக் குறிமுறை, திறந்து படித்த ஒரு கோப்பு ஆகியவை வட்டில் உள்ள கோப்பின் நகல்களே. மாற்றப்படாதவரை அவற்றை அப்படியே தூக்கியெறிந்துவிடலாம், தேவைப்பட்டால் கோப்பிலிருந்தே மீண்டும் படித்துக்கொள்ளலாம். மாற்றப்பட்டிருந்தால் அந்தக் கோப்பிலேயே எழுதிவிட்டு எறியலாம். ஆனால் நிரல் ஓடும்போது தானாக உருவாக்கிக்கொண்ட தரவு, அதாவது 'மால்லாக்' கொடுத்த பரப்பு, தற்காலிக மதிப்புகள் இருக்கும் ஸ்டாக் என்ற அடுக்கு, நீங்கள் இன்னும் சேமிக்காத வரைபடம் போன்றவை, எந்தக் கோப்பிலும் இல்லை. இவற்றைப் பெயரற்ற பக்கங்கள் என்கிறார்கள். இவற்றை எறிந்தால் தரவே போய்விடும். ஆகவே இவற்றை வெளியே அனுப்ப வேண்டுமானால் எழுதிவைக்க ஓர் இடம் வேண்டும். ஸ்வாப் என்பது அந்த இடம், வேறொன்றும் இல்லை.

இப்போது என் பழைய கதை. மடிக்கணினியில் ஸ்வாப்பை முழுவதுமாக அணைத்துவிட்டு, இனி வட்டுக்குப் போகும் தொல்லையே இல்லை என்று சில நாட்கள் மகிழ்ச்சியாக இருந்தேன். ஒரு மாலை உலாவியைத் திறந்து வைத்தபடியே ஒரு பெரிய நிரலைக் கம்பைல் செய்யத் தொடங்கினேன். சற்று நேரத்தில் சுட்டி நகரவில்லை, விசைப்பலகைக்குப் பதில் இல்லை; ஆனால் வட்டு விளக்கு மட்டும் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. ஸ்வாப்பே இல்லாத கணினியில் வட்டில் என்ன வேலை? பெயரற்ற பக்கங்களை அனுப்ப இடமில்லாததால், கெர்னல் தன்னால் எறிய முடிந்த ஒரே வகையை, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் குறிமுறைப் பக்கங்களையே, எறிந்துகொண்டிருந்தது. எறிந்த அடுத்த கணமே அதே குறிமுறை தேவைப்பட்டதால் மீண்டும் வட்டிலிருந்து படித்தது. மூன்று நாளாகத் தொடாத ஒரு விரிதாள் நிரல் தானாக உருவாக்கிவைத்த 300 எம்பி தரவு ரேமில் சொகுசாக உட்கார்ந்திருக்க, திரையை வரையும் நிரலின் குறிமுறை வெளியே தள்ளப்பட்டது. ஸ்வாப் இருந்திருந்தால் அந்த 300 எம்பிதான் முதலில் வெளியே போயிருக்கும்.

படி 4: ஸ்வாப்பிங், பேஜிங் என்ற இரு சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

இரண்டும் இன்று ஒன்றுபோலவே புழங்குகின்றன, ஆனால் பிறந்தபோது வேறு வேறு. பிடிபி-11 கணினியில் ஓடிய தொடக்கக் கால யுனிக்ஸில் ஒரு ப்ராசஸ் முழுவதுமாக ரேமில் இருக்கும், அல்லது முழுவதுமாக வட்டுக்குப் போகும். காத்திருக்கும் ப்ராசஸை மொத்தமாகத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, ஓடத் தயாராக உள்ளதை உள்ளே கொண்டுவருவதுதான் அசல் ஸ்வாப்பிங். பக்கம் பக்கமாக நகர்த்தும் பேஜிங் அதற்கும் முந்தையது: 1962இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி, 512 சொற்கள் கொண்ட பக்கங்களாக நினைவகத்தையும் சுழலும் காந்த உருளையையும் சேர்த்து, நிரலருக்கு ஒரே பரப்பாகக் காட்டியது. யுனிக்ஸ் உலகத்துக்குப் பேஜிங் 1979இல் வந்த 3பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் பதிப்பின் மூலம் வாக்ஸ் கணினிகளில் பரவலாயிற்று. இன்றைய லினக்ஸ் பக்கங்களைத்தான் நகர்த்துகிறது. ஸ்வாப் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆயினும் முழு ப்ராசஸையும் ஒதுக்கி வைக்கும் பழைய எண்ணம் கைப்பேசிகளின் காலத்தில் திரும்பி வந்திருக்கிறது. விண்டோஸ் 8 முதல், வழக்கமான ஸ்வாப் வேலையைச் செய்யும் 'பேஜ்ஃபைல்' தவிர 'ஸ்வாப்ஃபைல்' என்று இன்னொரு கோப்பும் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழி வந்த செயலி ஒன்று இடைநிறுத்தப்பட்டால் அதன் பக்கங்களை மொத்தமாக அங்கே எழுதிவிட முடியும். லினக்ஸ் 5.4இல், இந்தப் பரப்பு குளிர்ந்துவிட்டது, வெளியே அனுப்பலாம் என்று ஒரு நிரல் தன் பக்கங்களைப் பற்றித் தானே கெர்னலிடம் சொல்லும் வசதி வந்தது, 5.10இல் ஒரு ப்ராசஸ் இன்னொரு ப்ராசஸுக்காக அப்படிச் சொல்லவும் வழி வந்தது. பின்னணிக்குப் போன செயலியைப் பற்றி ஆண்ட்ராய்டு போன்ற அமைப்பு கெர்னலுக்குக் குறிப்புக் கொடுக்க இது உதவுகிறது.

படி 5: சும்மா இருப்பது யார் என்று கெர்னல் எப்படிக் கண்டுபிடிக்கிறது

இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனெனில் இந்தப் பொருளின் நடுவே உள்ள முடிச்சு இதுதான். கெர்னல் வெளியே அனுப்பும்போது ப்ராசஸைப் பார்த்து, இது தூங்குகிறது, இதை அனுப்பு என்று முடிவு செய்வதில்லை. அது பார்ப்பது பக்கத்தை. பரபரப்பாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலிலும் தொடங்கும்போது ஒரே ஒரு முறை ஓடிவிட்டு இனி எப்போதும் தேவைப்படாத பக்கங்கள் ஏராளம் உண்டு. அவை வெளியே போகும். மாறாக, சும்மா இருப்பதாகத் தோன்றும் நிரலொன்று ஒவ்வொரு விநாடியும் விழித்துப் புதிய செய்தி வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தூங்கினால், அந்தச் சரிபார்ப்புக்குத் தேவையான சில பக்கங்கள் மட்டும் சூடாகவே இருக்கும், மற்றவை மெல்ல வெளியேறும்.

அண்மையில் தொட்டார்களா என்ற குறி இங்கேதான் பயன்படுகிறது. பக்கத்தைத் தொடும்போதெல்லாம் சிபியு அந்தக் குறியை ஏற்றிவைக்கிறது. கெர்னல் அவ்வப்போது சுற்றி வந்து, குறி ஏறியிருந்தால் அதை இறக்கிவிட்டு அந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறது. அடுத்த சுற்றில் வரும்போதும் குறி இறங்கியே இருந்தால், இரண்டு சுற்றுக்கு இடையில் யாரும் தொடவில்லை என்று பொருள். கடிகார முள் சுற்றுவதைப் போல இருப்பதால் பாடநூல்கள் இதைக் கடிகார முறை என்கின்றன. லினக்ஸ் நெடுங்காலமாக இதன் ஒரு வடிவத்தை, பக்கங்களைச் சுறுசுறுப்பானவை, மந்தமானவை என இரு பட்டியல்களாக வைத்து நடத்திவந்தது, 6.1ஆம் பதிப்பில், இரண்டு பட்டியல்களுக்குப் பதிலாகப் பல தலைமுறைகளாக வயதைக் கணக்கிடும் முறையும் சேர்க்கப்பட்டது.

தொட்டதைக் கவனிக்காமல், முதலில் வந்தது முதலில் போகட்டும் என்று விட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். 1969இல் பெலடியும் அவருடைய சகாக்களும் காட்டிய விசித்திரம் அதற்குப் பதில்: பக்கங்கள் 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் கேட்கப்பட்டால், அந்த எளிய முறையில் 3 சட்டகங்களோடு 9 பக்கப் பிழைகள் வருகின்றன, சட்டகத்தை 4 ஆக்கினால் 10 ஆகிறது. காகிதத்தில் போட்டுப் பாருங்கள், கைக்கு நல்ல பயிற்சி.

இந்தச் சுற்று வேலையை 'கேஸ்வாப்டி' என்ற கெர்னல் இழை பின்னணியில் செய்கிறது. காலி நினைவகம் ஒரு கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கினால் விழித்து, மேல்கோட்டைத் தொடும்வரை பக்கங்களை விடுவித்துவிட்டுத் தூங்கப் போகிறது. அதனால் காலி இன்னும் மிச்சமிருக்கும்போதே பக்கங்கள் வெளியே போயிருப்பது முரண்பாடு அல்ல. நேற்று இரவு ஒரு பெரிய காப்பு நகல் வேலை ஓடியபோது வந்த நெருக்கடியின் தடம் இன்று காலையில் எண்ணாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

படி 6: விலையைக் கணக்கிடுங்கள்

ரேமில் ஒரு அணுகல் ஏறத்தாழ 100 நானோசெகண்ட். நல்ல எஸ்எஸ்டியில் ஏறத்தாழ 100 மைக்ரோசெகண்ட். சுழலும் வன்தட்டில் ஏறத்தாழ 10 மில்லிசெகண்ட். ரேம் அணுகலை ஒரு விநாடியாகப் பெருக்கிப் பார்த்தால் எஸ்எஸ்டி 17 நிமிடம் எடுக்கிறது, வன்தட்டு 28 மணி நேரம் எடுக்கிறது. இதிலிருந்து ஒரு சிறு கணக்கு: ஆயிரம் அணுகல்களில் ஒன்றே ஒன்று வன்தட்டுக்குப் போனாலும் சராசரி நேரம் 100 நானோசெகண்டிலிருந்து ஏறத்தாழ 10,100 நானோசெகண்டாகிவிடும், அதாவது நூறு மடங்கு. அதே ஒன்று எஸ்எஸ்டிக்குப் போனால் சராசரி 200 நானோசெகண்ட்தான், இரண்டு மடங்கு. ஸ்வாப் என்றாலே கணினி செத்துவிடும் என்ற பழைய அச்சம் எங்கிருந்து வந்தது என்பதும், எஸ்எஸ்டி வந்த பிறகு அது ஏன் குறைந்தது என்பதும் இந்த இரு எண்களிலேயே இருக்கின்றன.

படி 7: உங்கள் கணினியில் சரியான எண்ணைப் பாருங்கள்

'ஃப்ரீ' கட்டளையை '-எச்' தெரிவோடு கொடுங்கள். அதில் 'ஃப்ரீ' என்ற பத்தியைப் பார்க்காதீர்கள். கோப்புகளின் நகல்களை வைத்துக்கொள்ள லினக்ஸ் காலி ரேமையெல்லாம் பயன்படுத்திக்கொள்வதால் அது பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். பார்க்க வேண்டியது 'அவெய்லபிள்' பத்தி. புதிய நிரலுக்கு ஸ்வாப்பைத் தொடாமலே எவ்வளவு கொடுக்க முடியும் என்ற மதிப்பீடு அது.

அடுத்து 'விஎம்ஸ்டாட் 1' என்று தட்டிவிட்டு ஒரு நிமிடம் வரிகள் இறங்குவதைப் பாருங்கள். முதல் வரி கணினி தொடங்கியது முதலான சராசரி என்பதால் அதை விட்டுவிடுங்கள். 'எஸ்ஐ', 'எஸ்ஓ' என்ற இரு பத்திகள்தான் உயிர்: விநாடிக்கு எத்தனை கேபி ஸ்வாப்பிலிருந்து உள்ளே வந்தது, எத்தனை கேபி வெளியே போனது. ஸ்வாப்பில் 13 லட்சம் கேபி இருப்பதாக அதே வரியில் உள்ள 'எஸ்டபிள்யூபிடி' பத்தி சொன்னாலும், இந்த இரண்டும் வரிக்கு வரி 0, 0 என்று இறங்கினால் கணினி நலமாக இருக்கிறது. யாரும் தொடாத பக்கங்கள் யாருக்கும் தொல்லை தராமல் வெளியே கிடக்கின்றன. 'எஸ்ஓ' மட்டும் சற்று நேரம் ஏறி அடங்கினால், ஒதுக்கும் வேலை நடந்து முடிந்தது. இரண்டும் சேர்ந்து ஆயிரக்கணக்கில் நின்று, கூடவே காத்திருப்பைக் காட்டும் 'டபிள்யூஏ' பத்தியும் ஏறினால்தான் அபாயம்: வெளியே அனுப்பியதையே உடனுக்குடன் திரும்பக் கேட்கிறார்கள்.

எந்த ப்ராசஸின் பக்கங்கள் வெளியே போயிருக்கின்றன என்று அறிய, 'ப்ராக்' அடைவுக்குள் அந்த ப்ராசஸின் எண்ணில் உள்ள அடைவைத் திறந்து, 'ஸ்டேட்டஸ்' கோப்பில் 'விஎம்ஸ்வாப்' வரியைப் படியுங்கள். இரவு முழுவதும் திறந்தே கிடந்த நிரலை வைத்துப் பார்த்தால் இது சுவாரசியமானது. லினக்ஸ் 4.20 முதல் 'ப்ராக்' அடைவுக்குள் 'ப்ரஷர்' என்ற பிரிவும் உண்டு. நினைவகத்துக்காக வேலைகள் எத்தனை சதவீத நேரம் நின்றுபோயின என்பதை அது நேரடியாகவே சொல்கிறது. எனக்கு ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் பார்ப்பேன்.

விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரின் நினைவகப் பகுதியில் விநாடிக்கான ஹார்ட் ஃபால்ட் (பெரும் பக்கப் பிழை) எண்ணிக்கையையும், மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரின் மெமரி பிரஷர் வரைபடத்தையும் இதே நோக்கில் படிக்கலாம்.

படி 8: ஸ்வாப் அமையுங்கள்

ஸ்வாப்புக்குத் தனிப் பகுதி வேண்டியதில்லை, ஒரு கோப்பே போதும். நிர்வாகி உரிமையோடு, வேண்டிய அளவில் வெற்றுக் கோப்பை 'டிடி' கொண்டு உருவாக்குங்கள். 'சிஎச்மோட்' கொண்டு அனுமதியை 600 ஆக்குங்கள். இந்தப் படியைத் தவறவிடாதீர்கள், ஏனெனில் ரேமில் இருந்த கடவுச்சொல்கூட அந்தக் கோப்பில் போய் அமரக்கூடும், மற்றவர் படிக்க முடியக் கூடாது. பிறகு 'எம்கேஸ்வாப்' கொண்டு அதைத் தயார் செய்து, 'ஸ்வாப்ஆன்' கொண்டு இயக்குங்கள். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தானாக இயங்க, 'எஃப்எஸ்டாப்' கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறையில் இந்தக் கோப்புக்கு நகலெடுத்து எழுதும் இயல்பை முதலில் அணைக்க வேண்டியிருக்கும். அதை விட்டால் 'ஸ்வாப்ஆன்' மறுத்துவிடும்.

அளவு எவ்வளவு? ரேமைப் போல இரு மடங்கு என்ற பழைய விதி ரேம் சில எம்பிகளாக இருந்த காலத்துக்குரியது. ரேமின் உள்ளடக்கத்தை வட்டில் எழுதிவிட்டு மின்சாரத்தையே நிறுத்தும் ஹைபர்னேஷன் வேண்டுமென்றால் ரேமின் அளவுக்காவது வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. வேண்டாமென்றால், சும்மா கிடக்கும் பக்கங்களை அனுப்பி வைக்க 2 முதல் 4 ஜிபி பெரும்பாலான மேசைக் கணினிகளுக்குப் போதும் என்பது என் அனுபவம்.

ஸ்வாப்பினஸ் என்ற எண்ணைப் பற்றி ஒரு தவறான கருத்து எங்கும் பரவியிருக்கிறது. இயல்பாக அது 60. ஆகவே ரேம் 60 சதவீதம் நிரம்பினால், அல்லது 40 சதவீதம் நிரம்பினால், ஸ்வாப் தொடங்கும் என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். இரண்டும் இல்லை. நெருக்கடி வந்த பிறகு, கோப்புப் பக்கங்களை எறிவதா பெயரற்ற பக்கங்களை அனுப்புவதா என்ற தேர்வில் எதை நோக்கிச் சாய்வது என்பதைத்தான் அது சொல்கிறது. 100 என்றால் இரண்டுக்கும் சம விலை. லினக்ஸ் 5.8 முதல் 200 வரை வைக்கலாம். ரேமுக்குள்ளேயே பக்கங்களைச் சுருக்கி வைக்கும் இசட்ரேமை ஸ்வாப்பாகப் பயன்படுத்துபவர்களுக்கு 100க்கு மேற்பட்ட எண் பொருந்தும், ஏனெனில் அங்கே பெயரற்ற பக்கத்தைத் திரும்பப் பெறுவது கோப்பை வட்டிலிருந்து படிப்பதைவிட மலிவு. இப்படிச் சுருக்கி வைக்கும் உத்தியை மேக் 2013இல் மாவரிக்ஸ் பதிப்பிலும், விண்டோஸ் 10ஆம் பதிப்பிலும் ஏற்றுக்கொண்டுவிட்டன.

படி 9: உண்மையான நெருக்கடியில் என்ன செய்வது

ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்கள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒரு கால அளவுக்குள் உண்மையாகத் தொடும் பக்கங்களின் தொகுப்புக்கு வேலைத்தொகுப்பு என்று பெயர்; பீட்டர் டென்னிங் 1968இல் இதை வகுத்தார். எல்லா ப்ராசஸ்களின் வேலைத்தொகுப்புகளையும் கூட்டினால் ரேமுக்குள் அடங்காது என்ற நிலை வந்துவிட்டால், எந்த வழிமுறையாலும் காப்பாற்ற முடியாது. ஒருவருக்கு இடம் கொடுக்க எடுத்த பக்கம் அடுத்தவருக்கு உடனே தேவைப்படும். இதைத்தான் த்ராஷிங் என்கிறார்கள். ஸ்வாப்பை இன்னும் பெரிதாக்குவது அப்போது உதவாது. ஏதாவது ஒரு நிரலை நிறுத்துவதுதான் வழி. 'டாப்' திரையில் பெரிய எழுத்து 'எம்' தட்டினால் நினைவக வரிசையில் ப்ராசஸ்கள் வந்துவிடும். மேலே இருப்பதில் எது இல்லாமல் இருக்கலாம் என்று பார்த்து மூடுங்கள். நீங்கள் முடிவு செய்யாவிட்டால், நினைவகம் தீர்ந்துபோனால் ஒரு ப்ராசஸைக் கொன்று இடம் பிடிக்கும் கெர்னலின் ஓஓஎம் கில்லர் முடிவு செய்யும், அதன் தேர்வு உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு முக்கியமான ப்ராசஸை அது தொடக் கூடாது என்றால், அந்த ப்ராசஸின் அடைவில் 'ஓஓஎம் ஸ்கோர் அட்ஜ்' கோப்பில் -1000 என்று எழுதிவைக்கலாம்.

நெருக்கடியின் நடுவே 'ஸ்வாப்ஆஃப்' மட்டும் தட்டிவிடாதீர்கள். வெளியே உள்ள ஒவ்வொரு பக்கத்தையும் ரேமுக்குள் கொண்டுவந்த பிறகுதான் அது முடியும். ரேமிலோ ஏற்கெனவே இடமில்லை.

நெருக்கடி இல்லாதபோதும் ஒன்றை எதிர்பாருங்கள்: இரவு முழுவதும் திறந்து கிடந்த நிரலில் காலையில் முதலில் ஒரு மெனுவைச் சொடுக்கும்போது அது அரை விநாடி யோசிக்கும், அதே மெனுவை இரண்டாம் முறை சொடுக்கினால் யோசிக்காது. முதல் சொடுக்கில் தேவைப்பட்ட பக்கங்கள் மட்டும் திரும்பி வந்துவிட்டன. அதன் பிறகு 'ஃப்ரீ' கட்டளையைப் பார்த்தால் ஸ்வாப்பின் அளவு ஏறத்தாழ குறையாமலே இருப்பதைக் காண்பீர்கள். தொடாத பக்கங்கள் இன்னும் வெளியேதான் இருக்கின்றன. திரும்பி வந்த பக்கங்களுக்கும், மாற்றப்படாதவரை ஸ்வாப்பில் உள்ள நகலைக் கெர்னல் பெரும்பாலும் அழிக்காமல் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அவற்றை வெளியே அனுப்ப நேர்ந்தால் மீண்டும் எழுத வேண்டியிருக்காது, சட்டகத்தை மட்டும் விடுவித்தால் போதும்.